தெருவை அடமானம் வைத்த கடன்

“வாங்குன கடனைக் கட்ட முடியலைன்னு ஆனபிறகு அவளுக்கு என்ன உரிமை வேண்டிக்கெடக்கு?” என்று அம்மா கேட்டது இன்னும் என்னை விடவில்லை. கோபத்தில் கேட்கவில்லை. கூடப்பிறந்த தங்கச்சி படும் பாட்டைப் பார்த்து அழுது முடித்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் ஒன்றாம் தேதி தாண்டிப் பாக்கி வைக்காத மனுஷி அவள். கைநீட்டி வாங்கிவிட்டால் தலை குனிந்துதான் நிற்கணும் என்பதை அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. எங்கள் பக்கத்தில் அது காற்றோடு கலந்த நினைப்பு. வாங்கினால் கட்டணும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கட்ட முடியாத மாதத்தில் கடன்காரர் நம்மிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம், எதில் கைவைக்கவே கூடாது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் நம் வீடுகளில் பெண்கள் பயந்து சாகிறார்கள்.

சித்தி இருப்பது பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போட்டுவிட்டுப் போனபிறகு தென்னையை நம்பியிருந்தவர்கள் எழுந்து நிற்கவே வருஷக்கணக்காகிவிட்ட ஊர். சித்தப்பா தேங்காய் உரிக்கப் போவார். மகளின் காலேஜ் ஃபீஸுக்கும் ஒரு தையல் மெஷினுக்குமாக, சித்தி குழுவில் சேர்ந்து ஒரு நுண்கடன் கம்பெனியில் ₹60,000 வாங்கினாள். 24 மாதத் தவணை, மாசம் ₹3,170. முதல் பத்து மாதம் ஒரு நாள் தவறவில்லை. அப்புறம் சித்தப்பா லோடு வண்டியிலிருந்து விழுந்து, காலில் பிளேட் வைத்துப் படுத்துவிட்டார். அடுத்த தவணையைக் குழுவில் இருக்கிற பக்கத்து வீட்டு அக்கா தன் கையிலிருந்து போட்டார். அதற்கடுத்த மூன்று தவணைகளுக்கு யாரிடமும் காசில்லை.

வழக்கமாக வசூலுக்கு வந்த பையன் நல்லவன். “சரிக்கா, மேனேஜர்கிட்ட சொல்லிப் பாக்குறேன்” என்று போய்விடுவான். மூன்றாவது தவணையும் நின்றதும் அவன் வரவில்லை, வேறொருவர் வந்தார். பகலில் வரமாட்டார். ராத்திரி ஏழரை, எட்டு மணிக்கு, தெருவில் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து வருவார்.

ஈடில்லாக் கடனின் ஈடு

இந்தக் கடன்களுக்கு அடமானம் கிடையாது என்கிறார்கள். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் போதும். வங்கி வாசல்படி ஏறப் பயந்த பெண்களுக்கு இது பெரிய உதவிதான், அதை நான் மறுக்கவில்லை. கந்துவட்டிக்காரரிடம் போவதற்கு இது எவ்வளவோ மேல் என்று சித்தியே சொல்வாள். ஆனால் ஈடு இல்லாமல் யாரும் கடன் கொடுப்பதில்லை. இங்கே ஈடாக இருப்பது தெரு. நாலு பேர் முன்னால் நமக்கிருக்கிற பேர். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரையும், குழுவாகக் கூடித் தவணை கட்டுகிற சென்டர் மீட்டிங்கில், எழுந்திருக்க விடாமல் உட்கார வைப்பார்கள். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வரும் நேரமாகிவிட்டவள், எல்லோரும் சேர்ந்து அந்த ஒருத்தியைப் பார்ப்பார்கள். கம்பெனி ஆள் வாயே திறக்க வேண்டியதில்லை.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்று நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2010இல் ஆந்திராவில் நுண்கடன் வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வரத் தொடங்கி, அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டமே போட்டது. அதே மாதம் ரிசர்வ் வங்கி நுண்கடன் பிரச்சினையை ஆராய மாலேகம் குழுவை அமைத்தது; 2011 ஜனவரியில் அறிக்கை வந்தது; நுண்கடன் கம்பெனிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போது நடப்பில் இருக்கிற விதிகளின் அடிப்படை 2022 ஏப்ரலில் வந்தது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்குள் இருந்து, ஈடு வாங்காமல் கொடுத்த கடன் என்றால் அது நுண்கடன். வங்கி கொடுத்தாலும் நிதி நிறுவனம் கொடுத்தாலும் விதி ஒன்றுதான்.

அந்த விதிகளில் கடுமையான வசூல் முறைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கிற ஆடிட்டர் ஆபீஸில் இந்த மாதிரிச் சுற்றறிக்கைகள் தினம் கண்ணில் படும், வேலைக்கு வேண்டியதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். சித்திக்காக இதை வரிவரியாகப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. மிரட்டுவதும் கெட்ட வார்த்தை பேசுவதும் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. விடாமல் அடித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. சொந்தக்காரர், சிநேகிதர், கூட வேலை செய்பவர் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. கடன் வாங்கியவர் பெயரை வெளியிடக் கூடாது. எவ்வளவு பாக்கி, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதில் பொய் சொல்லி ஏமாற்றக் கூடாது. ஆளுக்கோ குடும்பத்துக்கோ சொத்துக்கோ நற்பெயருக்கோ கேடு செய்வதாக மிரட்டக் கூடாது. நற்பெயர் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஏழைப் பெண்ணின் மானமும் அவளுக்குச் சொந்தமான உடைமை, கடன்காரருக்கு அதில் பாத்தியதை கிடையாது என்று மும்பையில் உட்கார்ந்திருக்கிற ஒரு அலுவலகம் எழுத்தில் வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியாது.

வசூல் எங்கே நடக்கணும் என்பதற்கும் விதி உண்டு. இரண்டு தரப்பும் பேசி வைத்துக்கொண்ட பொது இடத்தில்தான் பணம் வாங்கணும். தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ ஆள் வரலாம். ஆகவே சித்தி வீட்டுக்கு ஆள் வந்தது தப்பில்லை. வந்த நேரமும் பேசிய பேச்சும்தான் தப்பு.

அட்டையின் பின்பக்கம்

ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோதுதான் ராத்திரி வசூலுக்கு வருகிற அந்த ஆளை நேரில் பார்த்தேன். பைக்கை வாசலுக்கு நேராக நிறுத்தி ஸ்டாண்ட் போட்டார். ஹெட்லைட்டை அணைக்கவில்லை. வெளிச்சம் வீட்டுக்குள் கட்டிலில் படுத்திருந்த சித்தப்பா முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என்னக்கா, இன்னிக்கு என்ன கதை? பதினோராயிரத்து நானூறு. வாங்காம நான் எந்திரிக்கப் போறதில்ல.” குரல் எங்களுக்காகப் பேசுகிற குரல் இல்லை, எதிர் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிற குரல். சித்தி வெள்ளிக்கிழமைவரை அவகாசம் கேட்டாள். “போலீசு கேஸ் ஆயிடும்க்கா. ஜெயிலுக்குப் போறீங்களா? பொண்ணு எந்தக் காலேஜு? போன் போட்டு விசாரிக்கவா?” என்றார். உள்ளே சித்தி மகள், என் தங்கை, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

நான் அவரிடம் அடையாள அட்டை கேட்டேன். கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதமும், பாக்கிக்கான நோட்டீஸின் நகலும் கேட்டேன். வசூலுக்கு வருகிறவர் இந்த மூன்றையும் கையில் வைத்திருக்கணும் என்பது விதி. அவரிடம் செல்போன் மட்டும்தான் இருந்தது. “நீங்க யாரு மேடம்? லோனு அவங்க வாங்குனது” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். என் கடன் இல்லை. நான் எவ்வளவு சட்டம் பேசினாலும் அவர் என்னைத் தாண்டிச் சித்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பயப்பட வேண்டியவள் அவள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் சித்தி எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்த கடன் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். நான்காக மடித்து, மடிப்பில் நைந்துபோன இளமஞ்சள் அட்டை. கட்டம் கட்டமாகப் பத்து மாதத்துக்குத் தவணையும் கையெழுத்தும், பதினொன்றாவதில் அக்கா கட்டியது, அதற்குக் கீழே வெறும் கட்டங்கள். அவள் அதைத் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் தமிழில் அச்சடித்திருந்தது. எட்டாவதுவரை படித்தவள், பைக் வெளிச்சத்திலேயே பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். குறை இருந்தால் கூப்பிட வேண்டிய எண், பொறுப்பு அதிகாரியின் பதவி, அதற்குக் கீழே ரிசர்வ் வங்கி என்ற பேர். “தம்பி, இதுல ஒரு நம்பர் போட்டிருக்கு. காலைல இந்த நம்பர்ல பேசிட்டு, எவ்வளவு கட்டணும்னு அவங்க வாயால கேட்டுட்டு உங்களுக்குச் சொல்றேன். இப்ப பொழுது போயிடுச்சு, நீங்க கெளம்புங்க” என்றாள். குரல் உயரவில்லை. அவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கதவை போனில் ஒரு படம் எடுத்தார். பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த அட்டையைக் கம்பெனி தயவில் கொடுக்கவில்லை. கடன் வாங்கியவருக்குப் புரிகிற மொழியில் அட்டை கொடுக்கணும், கட்டிய ஒவ்வொரு தவணையும் அதில் பதிவாகணும், புகார் சொல்லும் வழி அதிலேயே இருக்கணும் என்பது விதி. அதோடு வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் எழுதிய விவரத்தாள் ஒன்றும் கொடுக்கணும். அந்தத் தாளில் இல்லாத ஒரு ரூபாயைக்கூட வாங்க முடியாது. மறுநாள் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மூன்று தவணை ₹9,510. அவர் கேட்டது ₹11,400. நடுவில் ₹1,890 எங்கிருந்து வந்தது? ‘விசிட் சார்ஜ்’ என்றார்கள் போனில். விவரத்தாளில் அப்படி ஒரு வரியே இல்லை. தாமதத்துக்கு அபராதம் உண்டு, ஆனால் அதையும் தவறிய தொகைக்குத்தான் போடலாம், மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது. போட்டுப் பார்த்தால் சில நூறு ரூபாய்கூடத் தேறவில்லை.

சித்தியே போனில் பேசினாள். புகார் எண்ணைக் காலண்டர் தாளில் எழுதி வைத்தாள். அன்றைக்கே கிளைக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். கடனை மறுக்கவில்லை, வீட்டுக்காரருக்கு அடிபட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டு இணைத்திருக்கிறேன், கணக்கு விவரம் வேண்டும், ஆறு மணிக்கு மேல் யாரும் வர வேண்டாம், இனி எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள். அவ்வளவுதான் கடிதம். அடுத்த வாரம் கிளை மேனேஜர் பகல் பதினோரு மணிக்கு வந்தார், அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. விசிட் சார்ஜை எடுத்துவிட்டார்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தர ஒத்துக்கொண்டார்கள். இந்தக் கடைசி விஷயம் சித்தியின் உரிமை கிடையாது, கம்பெனி மனசு வைத்தால் உண்டு. ஆனால் மனசு வைக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு பெண் நிமிர்ந்து உட்கார முடிந்தது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அவர்கள் பதிலே சொல்லாமல் இருந்திருந்தால் 30 நாள் பொறுத்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போயிருப்போம். காசு செலவில்லை, வக்கீல் வேண்டாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம். கம்பெனிக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுத்த அத்தாட்சி மட்டும் கையில் இருக்கணும். அதனால்தான் போன் பேச்சோடு நிறுத்தாமல் தபால் போடச் சொல்கிறேன்.

அண்டாவும் தாலியும்

ஜெயில் என்கிற வார்த்தை சித்தி வீட்டில் என்ன செய்தது என்று நான் பார்த்தேன். தங்கை அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. அது உரிமையியல் வழக்கு. கம்பெனி நீதிமன்றம் போகலாம், தீர்ப்பு வாங்கலாம், தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கலாம். ஏமாற்றிக் கடன் வாங்குவதும் கொடுத்த செக் திரும்பி வருவதும் வேறு சங்கதி. அவற்றில் குற்ற வழக்கு வரும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கக் கையெழுத்துப் போட்டிருந்து, பணமில்லாமல் அது திரும்பினாலும் வழக்குக்கு இடமுண்டு. அப்படி நோட்டீஸ் வந்தால் அலட்சியமாக இருக்கக் கூடாது.

1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 56ஆவது பிரிவு இரண்டே வரி. பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற சட்டம். நீதிபதியே செய்ய முடியாத ஒன்றைச் செய்துவிடுவேன் என்றுதான் அந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்களுக்கும்கூட, கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் இருப்பது போன்ற காரணம் காட்டினால்தான் சிறை. வெறும் இல்லாமைக்காக ஒருவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே சட்டத்தின் 60ஆவது பிரிவு இன்னும் நெருக்கமானது. ‘அண்டா குண்டாவைத் தூக்கிட்டுப் போயிடுவான்’ என்று நம் பாட்டிகள் காலத்திலிருந்து ஒரு பயம் உண்டு. அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்றால், உடுத்த வேண்டிய துணி, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றை ஜப்தி செய்ய முடியாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையை எடுக்க முடியாது, அதாவது தாலி. கைத்தொழில் செய்கிறவரின் கருவிகளைத் தொட முடியாது. தையல் மெஷின் கைத்தொழில் கருவி என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஒரு குடும்பம் சமைக்கவும் உடுக்கவும் உழைக்கவும் வேண்டியது அதனிடம் மிஞ்சணும் என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. இது ஜப்தி செய்ய வருகிற நீதிமன்ற அமீனாவுக்கே போட்ட கோடு. தீர்ப்பே இல்லாமல் பைக்கில் வருகிறவர் பீரோவைக் கைகாட்டிப் பேசினால் அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. தவணை வண்டி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி, ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ள இடம் எழுதியிருப்பார்கள். அதையும் அடியாள் வைத்துப் பிடுங்கக் கூடாது, சட்ட வழியில்தான் எடுக்கணும் என்று 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வங்கியைக் கண்டித்தது.

லோக் அதாலத் என்று தலைப்பிட்டு ஒரு கடிதம் வந்தாலும் இப்படித்தான் குலைநடுங்கிப் போகிறார்கள். அது சமரசம் பேசக் கூப்பிடுகிற இடம். நமக்குச் சம்மதம் இல்லாத எதையும் அங்கே எழுதிக்கொள்ள முடியாது. போவது நல்லது, கணக்கை எடுத்துக்கொண்டு போனால் தொகையைக் குறைத்துப் பேச முடியும்.

நுண்கடன் இல்லாத மற்ற வங்கிக் கடன், கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் என்றால் போன் நேரம் காலை 8 முதல் மாலை 7வரை. செல்போன் ஆப் கடன்கள் தனிக் கொடுமை. போனில் இருக்கிற எண்களையும் படங்களையும் எடுத்து, படத்தைக் கெடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். ஒழுங்காகப் பதிவு செய்த எந்தக் கடன் ஆப்பும் நம் போன் புத்தகத்தையோ படங்களையோ தொடவே கூடாது. தொட்டு மிரட்டினால் அது சைபர் குற்றம். 1930க்குக் கூப்பிடணும், அனுப்பிய செய்தியை அழிக்காமல் வைத்திருக்கணும்.

தமிழ்நாட்டில் 2025இல் வலுக்கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்துவிட்டது. வசூல் தொந்தரவால் ஒருவர் உயிரை விட்டால் தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு வரும் என்பதுவரை அதில் இருக்கிறது. 2003லிருந்து கந்துவட்டித் தடைச் சட்டமும் இருக்கிறது. இருந்தும் 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு தீக்குளித்தது. திரும்பத் திரும்ப மனு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று அப்போது செய்தி வந்தது. சட்டம் போட்டாயிற்று என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது. மனுவை வாங்குகிற மேஜையில் உட்கார்ந்திருப்பவர் “வாங்குனா கட்ட வேண்டியதுதானேம்மா” என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. நியாயமாகப் பேசுகிறோம் என்று நினைத்தே பலரும் இதைச் சொல்கிறார்கள்.

உரிமை தெரிந்தால் கடன் கரைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தவறிய தவணைகள் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டன; அடுத்த கடன் சித்திக்குச் சுலபத்தில் கிடைக்காது. முழுதும் கட்டி முடித்ததும் பாக்கியில்லைச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளணும், இல்லாவிட்டால் வருஷம் கழித்து இன்னொரு ஆள் வருவான். ராத்திரி பைக்கில் வந்த அந்த மனிதருக்கும் மாத டார்கெட் இருக்கும், அது முடியாவிட்டால் அவர் வீட்டிலும் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும். வசூல் ஆட்களை வெறிபிடித்து ஓடவைக்கிற மாதிரி டார்கெட்டும் ஊக்கத்தொகையும் வைக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2008லேயே வங்கிகளுக்குச் சொன்னது. அதைக் கேட்க வேண்டியவர்கள் குளிர்சாதன அறையில் இருக்கிறார்கள்.

எனக்கு விடை தெரியாமல் இருப்பது குழுவைப் பற்றித்தான். சொந்தக்காரரைத் தொந்தரவு செய்யாதே, சிநேகிதரைத் தொந்தரவு செய்யாதே என்கிறது விதி. குழுக் கடனில் அந்தச் சிநேகிதிகளே கையெழுத்துப் போட்ட பொறுப்பாளிகள். அவர்களிடம் கேட்பது வசூலா தொந்தரவா? சித்தி புகார் கொடுத்ததில் குழுவில் இரண்டு பேருக்கு வருத்தம். “எங்களுக்கு அடுத்த லோன் வராமப் போயிடுமே” என்று அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பயமும் பொய் இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், 15100இல் கேட்கலாம் என்று அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா கட்டிய ₹3,170 எந்த அட்டையிலும் சித்தி பேரில் பாக்கியாக நிற்கவில்லை. அதைக் கேட்டு யாரும் பைக்கில் வரப் போவதும் இல்லை. தையலில் வருகிற காசில் சித்தி முதலில் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், வாரம் இருநூறும் முந்நூறுமாக. அக்கா வேண்டாம் என்றுதான் சொல்கிறார், இவள் கேட்பதில்லை.